மறுநாள் ரயில் ஓடியது

முலுண்ட் நிலையத்தில் 2003-ல் வெடித்த குண்டும், மும்பை கணக்கில் சேர்க்காத காயங்களும்

1993 தொடர் குண்டுவெடிப்புகளின் பத்தாம் ஆண்டு நினைவுநாளுக்கு மறுநாள் அது. 2003 மார்ச் 13, வியாழக்கிழமை. இரவு எட்டரை மணியைத் தாண்டியிருந்தது. சத்ரபதி சிவாஜி டெர்மினஸிலிருந்து (சிஎஸ்டி) கர்ஜத் போகும் லோக்கல் முலுண்ட் நிலையத்துக்குள் வந்துகொண்டிருந்தபோது, லேடீஸ் ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டியில் குண்டு வெடித்தது. பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அந்த நேரத்தில் அந்தப் பெட்டியில் யார் இருப்பார்கள் என்று மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகத்தில் கொஞ்சம் தாமதமாகி, வீட்டில் குக்கர் வைக்க நேரமாகிவிட்டதே என்று நினைத்தபடி வருகிற பெண்கள்.

மறுநாள் ரயில் ஓடியது. மும்பையில் எப்போதும் ஓடும். 2006 ஜூலை 11 அன்று மேற்குப் பாதையில் பதினோரு நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்து 180 பேருக்கும் மேல் இறந்தார்கள். அதற்கு மறுநாளும் ஓடியது. 2008 நவம்பரில் பயங்கரவாதிகள் சிஎஸ்டி நிலையத்துக்குள்ளேயே பயணிகளைச் சுட்டுத் தள்ளிய பிறகும் ஓடியது. ஒவ்வொரு முறையும் பத்திரிகைகள் ‘மும்பை ஸ்பிரிட்’ என்று எழுதின. லீவு போட்டால் சம்பளம் வெட்டு என்கிற நிலைமைக்குத் துணிச்சல் என்று பெயர் வைப்பது எளிது.

ஆனால் அந்தப் பாராட்டு முழுப் பொய்யும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது உயிரை உலுக்கும் சம்பவம் ஒன்றைச் சந்திக்கிறார்கள். அவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, அதாவது பிடிஎஸ்டி, வருகிறது. மற்றவர்கள் சில வாரம் தூங்காமல், சாப்பாடு இறங்காமல், திடுக்கிட்டுத் திடுக்கிட்டு விழித்து, பிறகு மெல்லப் பழையபடி ஆகிவிடுகிறார்கள். மனித மனம் பொதுவாக அவ்வளவு உறுதியானது.

சிக்கல் அப்படி மீளாத அந்தச் சிலரிடம்தான். ஊரே எழுந்து நடந்துவிட்டது என்று நாலு பக்கமும் கேட்கும்போது, எழுந்திருக்க முடியாதவர் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார். ‘எல்லாரும் போறாங்க, உனக்கு மட்டும் என்ன?’ இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்க வேண்டியதில்லை. அவரே தினமும் கேட்டுக்கொள்வார்.

ஸ்லோ ரயிலுக்கு மாறியவர்

ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்போம். நிஜத்தில் இருப்பவர் அல்ல, கற்பனைதான். முலுண்ட் கிழக்கில் வீடு, ஃபோர்ட்டில் வேலை. சம்பவத்தன்று அதே ரயிலில், இரண்டு பெட்டி தள்ளி இருந்தார். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ‘குலதெய்வம் காப்பாத்திச்சு’ என்று ஊரிலிருந்து போன் வந்தது. ஆறு வாரம் கழித்தும் பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் கையிலிருக்கும் பாத்திரம் நழுவுகிறது. தீபாவளிக்கு வெடி வாங்கவே கூடாது என்கிறார். எரிந்த ரெக்ஸின் வாடை எங்கிருந்தோ வருகிறது. வேறு யாருக்கும் வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பிள்ளை மேல் சுள்ளென்று விழுகிறார், பிறகு அழுகிறார். சிநேகிதி வீட்டுக் கல்யாணத்தில் எல்லாரும் சிரிக்கும்போது தான் மட்டும் ஒரு கண்ணாடிக்கு அந்தப்புறம் நிற்பதுபோல் இருக்கிறது.

மருத்துவர்கள் தேடுகிற நான்கு வகை அறிகுறிகளும் இதில் இருக்கின்றன: சம்பவம் அழையாமல் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, மனம் மரத்துப்போய்த் தன்மேலும் உலகத்தின்மேலும் நம்பிக்கை போவது, உடம்பு எப்போதும் ஆபத்துக்குத் தயாராக விறைத்து நிற்பது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் வீட்டையும் குலைத்தால்தான் பிடிஎஸ்டி. முதல் வாரத்துத் தவிப்பு நோயல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்த நோய்க்கு இந்தப் பெயரைத் தன் பட்டியலில் ஏற்றியது 1980-ல். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக நடந்த நீண்ட வாதாட்டத்தின் விளைவு அது. அதனால்தானோ என்னவோ, இது ராணுவத்தாரின் நோய் என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள்.

நான்கில் மும்பையில் கண்ணுக்கே தெரியாமல் ஒளிந்துகொள்வது இரண்டாவதான தவிர்ப்புதான். கிராமத்தில் ஒருவர் ஆற்றுப் பக்கமே போகாமல் இருந்தால் ஊர் கவனித்துவிடும். இங்கே ஒருவர் ஃபாஸ்ட் ரயிலை விட்டு ஸ்லோவுக்கு மாறினால் யார் கேட்பார்கள்? ‘உட்கார இடம் கிடைக்குது’ என்றால் முடிந்தது. ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸைப் புதுப்பிக்காமல் விட்டால் சிக்கனம். முலுண்டிலேயே குறைந்த சம்பளத்துக்கு வேலை தேடிக்கொண்டால் பிள்ளைகளுக்காக. வேலையையே விட்டுவிட்டால் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். எல்லாம் சேர்ந்தால், ஒரு பெண் தன் வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டது தெரியும். பிடிஎஸ்டியை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பது இந்தத் தவிர்ப்புதான். தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் உடனே ஒரு நிம்மதி கிடைக்கிறது. ‘போயிருந்தால் ஏதாவது ஆகியிருக்கும்’ என்று மூளை அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் பிழைப்புக்காக அதே ரயிலில் தினமும் ஏறியே தீர வேண்டியவர் தானாகக் குணமாகிவிடுவாரா? சிலர் ஆகிறார்கள். எல்லாரும் இல்லை. ஏறுகிறவர் எப்படி ஏறுகிறார் என்று பார்க்க வேண்டும். கண்ணை இறுக மூடி கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கொண்டு, கதவருகிலேயே நின்று, சீட்டுக்கு அடியில் மூன்று தடவை குனிந்து பார்த்து, வீடு வந்ததும் ‘இன்னிக்குத் தப்பிச்சேன்’ என்று இறங்குகிறவர், பயணம் முழுவதும் தவிர்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறார். உடம்பு ரயிலில் இருந்தது, அவ்வளவுதான். கவசத்தைக் குறை சொல்லவில்லை. அது பயத்தைக் கடக்க உதவுகிறதா, பயத்தைப் பார்க்காமலிருக்க உதவுகிறதா என்பதுதான் வித்தியாசம்.

முடிந்துபோனது என்று தெரியாத மூளை

சாதாரண நினைவு ஒன்றுக்குத் தேதியும் இடமும் உண்டு. ‘அது போன வருஷம், தாதரில்’ என்று சொல்ல ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி உதவுகிறது. உயிர் போகும் பயத்தில் அபாயமணி அடிக்கும் அமிக்டலா உச்சத்துக்குப் போய்விட, தேதி குறிக்கும் வேலை சரியாக நடப்பதில்லை. ஓசை, வாடை, வெளிச்சம், தோலில் பட்ட சூடு எல்லாம் துண்டு துண்டாகப் பதிகின்றன. பிறகு அதில் ஒரு துண்டு எங்காவது தட்டுப்பட்டால், அது பழையது என்று மூளைக்குத் தெரிவதில்லை. இப்போது நடக்கிறது என்றே உடம்பு நடந்துகொள்கிறது.

மும்பை ரயில் இந்த நோய்க்கு ஒரு வினோதமான இடம். மற்ற ஊர்களில் நினைவுநாள் வருடத்துக்கு ஒரு தடவை வரும். இங்கே ரயில் கால அட்டவணைப்படி வருகிறது. அதே நேரத்து வண்டி தினமும் அதே நடைமேடையில். கூடவே ஒலிபெருக்கி: கேட்பாரற்ற பொருள் எதையும் தொடாதீர்கள், வெடிகுண்டாக இருக்கலாம். நமக்கு அது காதில் விழுந்தும் விழாத சத்தம். ஒருவருக்கு மட்டும் அது தனக்காகவே சொல்லப்படுகிறது.

வழக்குச் செய்திகளும் இப்படித்தான் வந்து இடிக்கும். முலுண்ட் குண்டுவெடிப்பையும், அதற்கு முன் மும்பை சென்ட்ரலிலும் வில்லே பார்லேயிலும் நடந்தவற்றையும் சேர்த்து விசாரித்த பொடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம், பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று சொன்னது 2016-ல். முலுண்ட் வெடிப்புக்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து. 2006 வழக்கில் தண்டிக்கப்பட்ட பன்னிரண்டு பேரையும் பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 21 அன்று விடுவித்தது; சில நாளில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ளத் தடை விதித்தது. சட்டத்தின் சரி தவறு வேறு பேச்சு. அந்த வாரம் தொலைக்காட்சிகள் உருக்குலைந்த பெட்டிகளின் பழைய படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டின. பிடிஎஸ்டி உள்ள ஒருவர் இருக்கும் வீட்டில் அப்போது ரிமோட்டைக் கையில் எடுப்பதும் ஒரு சிகிச்சைதான்.

குண்டை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் பாதிதான் சொன்னதாகும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அன்று காருக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கும் தரைத்தள வீட்டில் நீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் ஜூன் மாதம் வந்தாலே நெஞ்சு இறுகுவதுண்டு. 1992-93 கலவரத்தின்போது தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் ரயிலேறிய குடும்பங்களில் ‘ஏன் ஊருக்கே வந்துட்டீங்க?’ என்ற கேள்விக்குப் பதிலே வந்ததில்லை. மும்பை ரயில் பாதைகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடிபட்டும் விழுந்தும் சாகிறார்கள். அந்தச் சாவுகளைக் கண்ணாடிக்கு முன்னால் பார்ப்பவர் மோட்டார்மேன். சிதறியதைப் பொறுக்கி எடுப்பவர் ஸ்டேஷன் ஹமால், அதாவது சுமைதூக்கி. வேலையின் பகுதியாகத் திரும்பத் திரும்ப இப்படிப் பார்ப்பதும் பிடிஎஸ்டிக்குக் காரணமாகும் என்று 2013-ல் திருத்தப்பட்ட அமெரிக்கப் பட்டியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. செய்தியே ஆகாத இன்னொன்று உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் இந்த நோய் மற்றெல்லாவற்றையும்விட அதிகம். அதில் பெரும்பகுதி நடப்பது தெரிந்தவர்களால், வீட்டுக்குள். அங்கே மறுநாள் ரயில் ஓடியது என்று யாரும் பாராட்டுவதுகூட இல்லை.

‘கீழ்ப்பாக்கம்’ மாதிரி ‘தானே’

இவர்கள் மருத்துவரிடம் போகிறார்களா? போகிறார்கள், வேறு பெயரில். நெஞ்சு படபடப்பு, தலை கிறுகிறுப்பு, கை கால் மரத்துப்போதல், வாயு. ஈசிஜி எடுத்தால் நார்மல். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தமிழர்களின் மனவடு பெரும்பாலும் உடம்பு வழியாகவே பேசுகிறது என்பதைத் தொடர்ந்து எழுதியவர். ஒப்பாரி, கோயில் நேர்த்தி, மூச்சுப் பயிற்சி போன்றவற்றை மருத்துவத்தோடு சேர்த்துக்கொண்டவரும்கூட. விபூதி மந்திரித்துப் போடுவதை நான் கேலி செய்யப் போவதில்லை. ‘பயந்திருக்கே’ என்று ஒருவர் உரக்கச் சொல்லி, உட்கார வைத்துத் தலையில் கை வைப்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அதோடு நின்றுபோவதுதான் கோளாறு.

தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, பிடிஎஸ்டி ஆயிரத்தில் இரண்டு பேர் அளவுக்குத்தான் இருப்பதாகச் சொன்னது. அதில் மகாராஷ்டிரம் சேர்க்கப்படவில்லை. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். வீட்டு வாசலில், மாமியார் பக்கத்தில் நிற்க, முன்பின் தெரியாதவர் கேட்கும் கேள்விக்கு எந்தப் பெண் ‘ஆமாம், எனக்கு அது நடந்தது’ என்பாள்?

சென்னையில் ஒருவரைக் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று கிண்டலடிப்பதுபோல மும்பையில் ‘தானேவுக்கு அனுப்பணும்’ என்பார்கள். 1901-ல் தொடங்கிய தானே மனநல மருத்துவமனை முலுண்டுக்கு அடுத்த ஸ்டேஷன் தூரம்தான். அதன் நிலத்தின் ஒரு பகுதியில்தான் தானே, முலுண்ட் நிலையங்களுக்கு நடுவே புதிய ரயில் நிலையம் வரவிருக்கிறது. நிலத்தை வாங்கிக்கொள்ள யாருக்கும் கூச்சமில்லை. அந்த வாசலுக்குள் நுழையத்தான் கூச்சம். நுழைய வேண்டிய தேவையும் பெரும்பாலோருக்கு இல்லை என்பது வேறு விஷயம். பிடிஎஸ்டிக்கு வார்டில் சேரத் தேவையில்லை, வெளிநோயாளியாகவே பார்க்கலாம்.

ஏணிப்படிகள்

முதலில், சம்பவம் நடந்த உடனே என்ன செய்யக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து ‘என்ன பார்த்தே, என்ன உணர்ந்தே, எல்லாத்தையும் கொட்டு’ என்று ஒரே அமர்வில் பேச வைப்பது ஒரு காலத்தில் உலகெங்கும் வழக்கமாக இருந்தது. ஆய்வுகள் அது நோயைத் தடுக்கவில்லை என்று காட்டியபின் கைவிடப்பட்டது. இப்போது சொல்வது எளிமையானது: பத்திரமான இடம், தண்ணீர், சாப்பாடு, வீட்டாரோடு தொடர்பு, அவராகப் பேசினால் காது கொடுப்பது. தோண்டக் கூடாது. ‘உயிரோட வந்தியே, அதைப் பாரு’ என்று வாயை அடைக்கவும் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய அல்பிரசோலத்தைக் கொடுத்துத் தூங்க வைப்பது நல்லெண்ணம்தான். ஆனால் முதல் மாதத்துப் பதற்றத்துக்கு அந்த வகை மாத்திரைகள் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது. பழக்கமாகிவிடும், மனம் தன் வேலையைச் செய்யவும் விடாது.

ஒரு மாதம் தாண்டியும் பிடி விடவில்லை என்றால் சிகிச்சை வேண்டும். நல்ல சிகிச்சை இருக்கிறது. அதில் மிக அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று, அமெரிக்க உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய முறை. கேட்டால் கொடுமைபோலத் தோன்றும். தவிர்க்கிற நினைவையே நோயாளி கண்ணை மூடி, இப்போது நடப்பதுபோல, ஆரம்பம் முதல் முடிவு வரை சொல்ல வேண்டும். திரும்பச் சொல்ல வேண்டும். பதிவு செய்து வீட்டில் கேட்க வேண்டும். வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம்வரை; எட்டு முதல் பதினைந்து அமர்வுகளில் பெரும்பாலும் முடிந்துவிடும். சொல்லச் சொல்ல, சிதறிக் கிடந்த துண்டுகளுக்குத் தேதி கிடைக்கிறது. ‘அப்போது’ என்ற சொல் பேச்சில் வரத் தொடங்குகிறது.

இன்னொரு பாதி வெளியே நடக்கிறது. பயப்படுகிற இடங்களைப் பூஜ்ஜியத்திலிருந்து நூறுவரை மதிப்பெண் போட்டு ஏணியாக அடுக்குவார்கள். நம் முலுண்ட் பெண்ணுக்கு அது இப்படி இருக்கலாம். முதல் வாரம் மதியம் இரண்டு மணிக்கு நிலையத்துக்கு வெளியே, டிக்கெட் கவுன்டர் பக்கம், கூட ஒருவரோடு. பிறகு நடைமேடைப் பெஞ்சில் நாலு ரயில் போகும்வரை. பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறி, ஒரே ஸ்டேஷன், தானேயில் இறங்குவது. அடுத்தது அதையே தனியாக. பிறகு காட்கோபர், பிறகு தாதர். பிறகு வேலைநாளில் கூட்ட நேரம். கடைசியாக, மாலை சிஎஸ்டியிலிருந்து கிளம்பி எட்டரைக்கு மேல் முலுண்ட் வரும் அந்த வண்டி, அந்த லேடீஸ் ஃபர்ஸ்ட் கிளாஸ். விதி ஒன்றுதான்: பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடக் கூடாது, அது தானாக இறங்கத் தொடங்கும்வரை இருக்க வேண்டும். முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆகலாம், பத்தாம் தடவை பத்து நிமிடம். ‘ரயிலில் ஏறினால் சாவு’ என்று கற்ற மூளை, ‘ரயிலில் ஏறினால் தாதர்’ என்று மறுபடி கற்றுக்கொள்கிறது. இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் ஏற்ற வேண்டாம். ஏணியில் எந்தப் படி முதலில் என்பதை நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

கண்ணசைவோடு நினைவைக் கையாளும் இஎம்டிஆர் என்ற முறையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் அதுவும் இருக்கிறது. செர்ட்ராலின், பராக்ஸெட்டின் போன்ற மாத்திரைகள் பலருக்கு உதவுகின்றன. வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் எடுக்கும் என்பதால், நாலாம் நாள் ‘ஒண்ணும் ஆகலை’ என்று நிறுத்திவிடக் கூடாது.

சிகிச்சைக்கு வெளியே, யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வருவதில்லை என்பதில் பெரிய பங்கு வகிப்பது, சம்பவத்துக்குப் பிறகு கூட நின்றவர்கள். இந்த விஷயத்தில் மும்பை லேடீஸ் பெட்டிக்கு நிகர் எதுவும் இல்லை. காய் நறுக்கி, நவராத்திரி கொண்டாடி, ஒருத்தி இரண்டு நாள் வராவிட்டால் போன் போட்டு விசாரிக்கிற கூட்டம் அது. ‘மும்பை ஸ்பிரிட்’ என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. ஸ்லோ ரயிலுக்கு மாறியவர் இழப்பதில் பெரியது இந்தக் கூட்டம்.

எலும்புக்கு விலை உண்டு

ரயில்வே இழப்பீட்டு விதிகளில் நீண்ட அட்டவணை ஒன்று இருக்கிறது. உயிருக்கு, இரண்டு கைக்கு, ஒரு காலுக்கு, கட்டைவிரலுக்கு என்று தனித்தனித் தொகை. உயிரிழப்புக்கு 2017 முதல் எட்டு லட்சம் ரூபாய். ரயிலில் நடக்கும் பயங்கரவாதச் செயலும் இழப்பீட்டுக்கு உரியதென்று ரயில்வே சட்டமே சொல்கிறது. ஆனால் அந்த அட்டவணையில் மனக் காயத்துக்கென்று ஒரு வரி கிடையாது. உடம்பில் கீறலில்லாமல் இரண்டு பெட்டி தள்ளி இருந்தவர் எந்தப் பத்தியிலும் வரமாட்டார். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், உடல் நோய்க்குத் தருவதுபோல மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நடைமுறையில் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தருகின்றன. பிடிஎஸ்டிக்கு வேண்டியதோ வாரம் ஓர் அமர்வு. அது பையிலிருந்து போகிறது. இந்த ஓட்டையை அடைப்பது பெரிய காரியமில்லை. கேட்கத்தான் ஆளில்லை, கேட்க வேண்டியவர்கள் ரயிலைப் பற்றிப் பேசவே விரும்பாதவர்கள்.

உதவிக்கு எங்கே போவது? தாராவிக்குப் பக்கத்தில் சயான் மருத்துவமனை, பரேலில் கேஇஎம் என்று மாநகராட்சி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. செம்பூரை ஒட்டிய தேவ்னாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 2012-ல் தொடங்கிய ஐகால் தொலைபேசி ஆலோசனை இருக்கிறது. மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416. இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம். மாநகராட்சி ஓபிடியில் கேஸ் பேப்பர் எடுத்து வரிசையில் நின்றால் டாக்டர் முன்னால் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் ‘தூக்கம் வரலை, படபடப்பா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் தூக்கத்துக்கும் படபடப்புக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். எந்தத் தேதிக்குப் பிறகு இப்படி ஆனது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்ல நா எழவில்லை என்றால், தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கேஸ் பேப்பரோடு சேர்த்து நீட்டினாலும் போதும்.